தொலைக் கணிமேடைகளில் வானியல் தரவுப் பயிற்சி

தொலைக் கணிமேடைகளில் வானியல் தரவுப் பயிற்சி என்பது, பெரும் வான் அளக்கைகளில் திரட்டப்படும் தரவுகளைத் தம் கணினிக்கு இறக்கிக்கொள்ளாமல், அவை சேமிக்கப்பட்டிருக்கும் இடத்திலேயே ஆராய்வதற்கு வானியலாளர்களுக்கும் வானியல் மாணவர்களுக்கும் அளிக்கப்படும் பயிற்சி ஆகும். பயிற்சி பெறுபவர் இணைய உலாவி ஒன்றின் வழியே தொலைவிலுள்ள கணினித் தொகுதியினுள் நுழைந்து, அங்குள்ள தரவுத்தளத்திடம் வினவல்களை விடுத்து, அங்கேயே நிரல்களை இயக்கி, முடிவுகளை மட்டும் பெற்றுக்கொள்கிறார். ஸ்லோன் எண்ணிம வான் அளக்கை, கையா விண்கலம், வேரா ரூபின் வானாய்வகம் ஆகியவற்றின் தரவுகளையொட்டி இத்தகைய பயிற்சிகள் வளர்ந்தன.

நிரல் எழுதக் கற்பிப்பது இப்பயிற்சியின் ஒரு பகுதியே. பெரும் தரவுத்தளத்திடம் தவறாகக் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் பிழைச்செய்தி எதையும் தருவதில்லை. நம்பத்தக்கது போலத் தோன்றும் ஓர் அட்டவணையையே தருகிறது. அந்த அட்டவணையை ஐயுறக் கற்பதே பயிற்சியின் கடினமான பகுதியாகும்.

பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வானியலாளர் ஒருவரின் பணிமுறை ஏறத்தாழ இவ்வாறு இருந்தது: தொலைநோக்கியில் சில இரவுகள் ஒதுக்கித் தருமாறு விண்ணப்பிப்பார், மலையுச்சிக்குச் சென்று நோக்குவார், ஒளிப்படத் தகடுகளுடனோ பிற்காலத்தில் காந்த நாடாக்களுடனோ ஊர் திரும்பி, மாதக்கணக்கில் அவற்றை ஆராய்வார். தரவு அவர் அறையிலேயே இருந்தது. ஒவ்வொரு படத்தையும் அவர் கண்ணால் பார்த்திருப்பார். மெல்லிய மேகம் கடந்த இரவு எது, கருவி ஒழுங்காக இயங்காத நேரம் எது என்பதெல்லாம் அவர் நினைவிலோ குறிப்பேட்டிலோ இருந்தன.

வான் அளக்கைகள் இந்நிலையை மாற்றின. அளக்கையில் தொலைநோக்கி தனியொருவரின் விருப்பப்படி திரும்புவதில்லை. முன்னரே வகுத்த திட்டப்படி வானத்தின் பெரும்பரப்பு முழுவதையும் படமெடுக்கிறது. படங்களிலிருந்து மென்பொருள் பொருட்களைக் கண்டறிந்து, அவற்றின் இருப்பிடம், ஒளிர்வு, வடிவம் முதலியவற்றை அளந்து பட்டியலாக்குகிறது. அப்பட்டியலைப் பயன்படுத்தும் ஆய்வாளர் அந்தத் தொலைநோக்கியை ஒருமுறையேனும் பார்த்திருக்க வேண்டியதில்லை.

தரவின் அளவு மற்றொரு காரணம். ரூபின் வானாய்வகம் ஓர் இரவில் சுமார் 20 டெராபைட்டு தரவைத் திரட்டும் என மதிப்பிடப்பட்டுள்ளது. விநாடிக்கு 100 மெகாபிட்டு வேகமுள்ள ஓர் இணைப்பு இடைவிடாமல் இயங்கினாலும், அந்த ஓர் இரவின் தரவை இறக்கி முடிக்கப் பதினெட்டு நாட்களுக்கு மேல் ஆகும். அதற்குள் மேலும் பதினெட்டு இரவுகளின் தரவு சேர்ந்திருக்கும். அளக்கையின் காலமோ பத்து ஆண்டுகள். எனவே தரவை ஆய்வாளரிடம் அனுப்புவதற்கு மாறாக, ஆய்வாளரின் நிரலைத் தரவு இருக்குமிடத்துக்கு அனுப்பும் முறை உருவானது. நிரல் சில கிலோபைட்டுகளே இருக்கும்.

ஸ்கைசர்வர்

இம்முறையின் முன்னோடி, ஸ்லோன் எண்ணிம வான் அளக்கையின் தரவுகளுக்காக அமைக்கப்பட்ட ஸ்கைசர்வர் ஆகும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அப்பாச்சி பாயிண்ட் என்னுமிடத்தில் உள்ள 2.5 மீட்டர் தொலைநோக்கி இந்த அளக்கையை 2000 ஆம் ஆண்டில் முறையாகத் தொடங்கியது. முதல் தரவு வெளியீட்டுடன் ஸ்கைசர்வர் 2001 ஜூனில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் சலாயும், மைக்ரோசாப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த தரவுத்தள அறிஞர் ஜிம் கிரேயும் இதனை உருவாக்கியதில் முதன்மையானவர்கள். கிரே 1998 ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருதைப் பெற்றவர். புவியின் வான்வழிப் படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் இணையத்தில் தந்த டெராசர்வர் என்னும் தளத்தை முன்னர் அமைத்திருந்தார். ஸ்கைசர்வர் அதே அமைப்பை வானுக்குத் திருப்பியது எனலாம்.

கிரே கையாண்ட முறை குறிப்பிடத்தக்கது. தரவுத்தளத்தை வடிவமைக்கும் முன்பு, வானியலாளர்கள் அதனிடம் கேட்க விரும்பும் இருபது கேள்விகளை எழுதித் தருமாறு கேட்டுக்கொண்டார். அவ்விருபதுக்கும் விடை தரக்கூடியதாகவே தரவுத்தளம் வடிவமைக்கப்பட்டது. பிற்காலத்தில் அக்கேள்விகளும் அவற்றுக்கான எஸ்.கியூ.எல். வினவல்களும் கற்பித்தலுக்கான எடுத்துக்காட்டுகளாகவும் ஆயின. புதிதாக வரும் மாணவர் ஒரு வினவலை எடுத்து, அதில் ஓர் எண்ணையோ நிபந்தனையையோ மாற்றி இயக்கிப் பார்த்தே மொழியைக் கற்றுக்கொண்டார். இலக்கணம் படித்து மொழி கற்பதைவிடப் பேச்சைக் கேட்டுக் கற்பது எளிது என்பது போன்றதே இது. பின்வந்த கணிமேடைகள் பலவும் இதே வழியைப் பின்பற்றின.

அக்காலத்தில் பெருந்தரவை இணையத்தின் வழி அனுப்புவது மெதுவாகவும் செலவு மிக்கதாகவும் இருந்தது. கிரேயும் அவர் குழுவினரும் வட்டுகள் நிறைந்த கணினிகளையே பொதியாகக் கட்டி அஞ்சலில் அனுப்பினர். இதைப் பற்றி 2002 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வறிக்கையும் எழுதினர்.

ஸ்கைசர்வரைத் தொடர்ந்து காஸ்ஜாப்ஸ் என்னும் சேவை வந்தது. நீண்ட நேரம் ஓடும் வினவல்களை வரிசையில் இட்டு இயக்குவதும், ஒவ்வொரு பயனருக்கும் வழங்கியிலேயே ஒரு சிறு தனித் தரவுத்தளம் தருவதும் இதன் சிறப்புகள். வினவலின் விடையைத் தம் தனித் தரவுத்தளத்தில் சேமித்து, அதன் மீது அடுத்த வினவலை இயக்கலாம். பயனர் வீட்டுக்கு எடுத்துச் செல்வது கடைசியில் எஞ்சும் சிறு அட்டவணையை மட்டுமே. இதை உருவாக்கியவர்களுள் ஒருவரான வில்லியம் ஓமல்லேன் பின்னர் ஐரோப்பாவின் கையா திட்டத்திலும், அதன்பின் ரூபின் வானாய்வகத்தின் தரவு மேலாண்மைத் திட்டத்திலும் பொறுப்பேற்றார். இக்கட்டுரையில் பேசப்படும் மூன்று அமைப்புகளிடையே காணப்படும் ஒற்றுமை இதனால் வியப்புக்குரியதன்று. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் காஸ்ஜாப்சுக்குப் பின் சைசர்வர் என்னும் மேடையை அமைத்தது. அதில் வினவலுடன் பைத்தான் நிரல்களையும் உலாவியிலிருந்தே இயக்கலாம்.

ஜிம் கிரே 2007 ஜனவரி 28 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனியாகப் பாய்மரப் படகில் சென்று காணாமற்போனார். கடற்பரப்பின் செயற்கைக்கோள் படங்களைச் சிறு துண்டுகளாக்கி, இணையத்தின் வழி ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களிடம் பகிர்ந்து அவரைத் தேடினர். படகு கிடைக்கவில்லை.

கையா காப்பகம்

ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலம் விண்மீன்களின் இருப்பிடத்தையும் தொலைவையும் அளப்பதற்காக 2013 டிசம்பரில் ஏவப்பட்டு, 2025 ஜனவரி வரை நோக்கல்களை மேற்கொண்டது. 2018 ஏப்ரல் 25 அன்று வெளியான இதன் இரண்டாம் தரவு வெளியீட்டில் சுமார் 169 கோடி பொருட்கள் இடம்பெற்றன. இத்தரவை வினவப் பயன்படுவது ஏ.டி.கியூ.எல். என்னும் மொழி. இது எஸ்.கியூ.எல். மொழியில் வான்கோளத்தின் மீதான வட்டம், பலகோணம், கோணத்தொலைவு போன்ற கருத்துருக்களைச் சேர்த்து உருவாக்கப்பட்டது. 2002 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பன்னாட்டு மெய்நிகர் வானாய்வகக் கூட்டமைப்பு இதனைத் தரப்படுத்தியது. ஒரு காப்பகத்தில் கற்ற மொழி மற்றொரு காப்பகத்திலும் பயன்படுவது இக்கூட்டமைப்பின் பணியாலேயே ஆகும்.

கையாவின் தரவுடன் வானியலாளர்களுக்கு எச்சரிக்கை ஒன்றும் வந்தது. கையா நேரடியாக அளப்பது விண்மீனின் தொலைவை அன்று; அதன் இடமாறு தோற்றக் கோணத்தையே. பாடநூல்களில் உள்ளபடி அக்கோணத்தின் தலைகீழ் மதிப்பே தொலைவு. ஆனால் அளவீட்டில் பிழை உண்டு. மிகத் தொலைவிலுள்ள விண்மீனுக்குக் கோணம் சுழியத்தை நெருங்குவதால், பிழையின் காரணமாக அது எதிர்ம எண்ணாகவும் பதிவாகிறது. எதிர்மத் தொலைவு என ஒன்று இல்லை என்று கருதி அத்தகைய வரிகளை நீக்கிவிடும் பயனர், தொலைவிலுள்ள விண்மீன்களுள் பிழை ஒருபக்கமாக விழுந்தவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறார். அவர் பெறும் சராசரி, உண்மையைவிட அருகிலுள்ள ஒரு விண்மீன் கூட்டத்தைக் காட்டும். நீக்கும் நிபந்தனையோ ஒரே வரி. கையா குழுவினர் இரண்டாம் வெளியீட்டுடன் இதற்கெனவே ஓர் ஆய்வுக்கட்டுரையையும், பயனர் தாமே இயக்கிப் பார்க்கத்தக்க பயிற்சி ஏடுகளையும் வெளியிட்டனர். தரவு வெளியீட்டின் ஓர் அங்கமாகவே பயிற்சியும் அமைந்தமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ரூபின் வானாய்வகத்தின் தரவு முன்னோட்டங்கள்

வேரா ரூபின் வானாய்வகம் சிலி நாட்டின் செர்ரோ பச்சோன் மலையில் உள்ளது. 8.4 மீட்டர் ஆடியும், 320 கோடி படப்புள்ளிகள் கொண்ட ஒளிப்படக் கருவியும் உடையது. கரும்பொருள் ஆய்வில் புகழ்பெற்ற வேரா ரூபினின் பெயர் 2020 ஆம் ஆண்டில் இதற்குச் சூட்டப்பட்டது. தென்வானத்தைச் சில இரவுகளுக்கு ஒருமுறை முழுதும் படமெடுத்து, இதனைப் பத்து ஆண்டுகள் தொடர்வதே இதன் திட்டம். அளக்கையின் முடிவில் சுமார் 2,000 கோடி விண்மீன் பேரடைகளும் 1,700 கோடி விண்மீன்களும் பட்டியலில் இருக்கும் என மதிப்பிடப்படுகிறது.

ஓர் இடர் இங்கு எழுந்தது. தொலைநோக்கி இயங்கத் தொடங்கிய பின்பு பயிற்சியைத் தொடங்கினால், ஆய்வாளர்கள் மேடையைக் கற்று முடிக்குமுன் தரவு மலைபோல் குவிந்துவிடும். தொடங்கும் முன்பு பயிற்றுவிக்கலாமெனில் பயிற்றுவிக்கத் தரவு இல்லை. இதற்குத் தீர்வாக இல்லாத வானம் ஒன்று பயன்படுத்தப்பட்டது.

செயற்கை வானம்

ரூபின் தரவைக் கொண்டு கரும் ஆற்றலை ஆராய அமைந்த அறிவியல் கூட்டாய்வுக் குழு, தன் சொந்தத் தேவைக்காக ஒரு செயற்கை வானத்தை முன்னரே உருவாக்கியிருந்தது. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்திலிருந்த மிரா என்னும் மீத்திறன் கணினியில், ஒரு டிரில்லியனுக்கும் மேற்பட்ட துகள்களைக் கொண்டு அண்டத்தின் வளர்ச்சி கணிக்கப்பட்டது. அக்கணிப்பிலிருந்து பேரடைகள் வடிக்கப்பட்டன. விண்மீன்களும் மீவிண்மீன் வெடிப்புகளும் சேர்க்கப்பட்டன. பின்னர், ரூபின் தொலைநோக்கி அந்த வானத்தை ஐந்தாண்டுகள் நோக்கினால் எத்தகைய படங்கள் கிடைக்குமோ அத்தகைய படங்கள், வளிமண்டலக் கலக்கமும் கருவியின் இரைச்சலும் உட்பட, 300 சதுரப் பாகைப் பரப்புக்கு உருவாக்கப்பட்டன.

இந்தப் படங்களும் பட்டியல்களும் தரவு முன்னோட்டம் 0.1 என்னும் பெயரில் 2021 ஜூன் 30 அன்று பயிற்சிக்குத் திறக்கப்பட்டன. ஓராண்டுக்குப் பின் 2022 ஜூன் 30 அன்று, அதே படங்கள் ரூபின் வானாய்வகத்தின் சொந்த மென்பொருளால் மீண்டும் பகுக்கப்பட்டு, தரவு முன்னோட்டம் 0.2 ஆக வெளிவந்தன. செயற்கை வானில் கோள்களோ சிறுகோள்களோ இல்லை என்பதால், சூரியக் குடும்பப் பொருட்களின் போலிப் பட்டியல் ஒன்று 2023 ஆம் ஆண்டில் முன்னோட்டம் 0.3 ஆகத் தனியே தரப்பட்டது.

செயற்கை வானத்துக்கு உண்மையான வானத்துக்கு இல்லாத ஒரு தகுதி உண்டு. அதில் சரியான விடை தெரியும். எந்த இடத்தில் எந்தப் பொருள் வைக்கப்பட்டது, அதன் உண்மையான ஒளிர்வும் சிவப்புப் பெயர்ச்சியும் என்ன என்பதெல்லாம் 'உண்மை அட்டவணை' என்னும் தனி அட்டவணையாக, தரவுத்தளத்திலேயே அளவீட்டு அட்டவணைகளின் அருகில் வைக்கப்பட்டன. பயிற்சி பெறுபவர் முதலில் அளவீடுகளை மட்டும் கொண்டு தம் முடிவைக் கண்டு, பின் உண்மை அட்டவணையுடன் ஒப்பிடலாம். தாம் எங்கு, எவ்வளவு தவறினோம் என்பதை எண்ணால் அறியலாம். பள்ளிக் கணக்குப் புத்தகத்தின் பின்பக்க விடைகள் போன்றதே இது. ஆனால் வானியல் வரலாற்றில் இவ்வாறு விடைப்பக்கம் இருந்த வானம் அரிது.

மேடையின் அமைப்பு

ரூபின் அறிவியல் மேடை எனப்படும் கணிமேடைக்கு மூன்று வாயில்கள் உள்ளன. முதலாவது வலைவாசல். நிரல் எழுதாமலேயே வானின் ஒரு பகுதியைத் தேர்ந்து, நிபந்தனைகளைக் குறித்து, வரைபடங்களையும் படங்களையும் இதில் காணலாம். இரண்டாவது, ஜூப்பிட்டர் ஏடுகளை இயக்கும் சூழல். விளக்கவுரையும் நிரலும் வரைபடமும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அமையும் கோப்பே ஏடு எனப்படுகிறது. மூன்றாவது, பயனர் தம் சொந்தக் கணினியிலுள்ள மென்பொருளிலிருந்து தரவுத்தளத்துக்கு வினவல் அனுப்பும் வழி.

பயிற்சிகளில் ஏடே பெரிதும் பயன்பட்டது. ஏட்டைத் திறக்குமுன் மென்பொருளின் எந்தப் பதிப்பு, எவ்வளவு பெரிய கணினி என்று பயனர் தேர்ந்தெடுக்கிறார். சிறிது, நடுத்தரம், பெரிது என அளவுகள் உண்டு. எல்லோருக்கும் ஒரே மென்பொருள் பதிப்பு கிடைப்பதால், பயிற்சிப் பட்டறைகளின் முதல் நாள் முழுவதையும் விழுங்கிவிடும் நிறுவல் சிக்கல்கள் இல்லாமற்போயின. வானியல் மென்பொருட்களைத் தம் கணினியில் நிறுவ முயன்றவர் எவரும் இதன் அருமையை உணர்வர்.

முன்னோட்டம் 0 காலத்தில் மேடை கூகுள் நிறுவனத்தின் மேகக் கணிமைச் சேவையில் இயங்கியது. நிலையான தரவு மையம் கலிபோர்னியாவின் ஸ்லாக் தேசிய ஆய்வகத்தில் அமைந்தது.

பயிற்சி நடந்த முறை

முன்னோட்டம் 0 இல் பங்கேற்றோர் பேராளர்கள் எனப்பட்டனர். பேராசிரியர்களும் பட்டப்படிப்பு மாணவர்களும் இவர்களுள் இருந்தனர். குறிப்பிட்ட கால இடைவெளியில் இணையவழிக் கூட்டங்கள் நடைபெற்றன. கூட்டத்தில் ஒரு பயிற்சி ஏடு திரையில் இயக்கிக் காட்டப்படும். பின் பங்கேற்போர் சிறு குழுக்களாகப் பிரிந்து தாமே இயக்கிப் பார்ப்பர்.

பயிற்சி ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. பேராளர்கள் மேடையைக் கற்றனர். மேடையை அமைத்தோர் பேராளர்களைக் கண்டு கற்றனர். எந்த விளக்கக் குறிப்பு புரியவில்லை, எத்தகைய வினவல் தரவுத்தளத்தைத் திணறவைக்கிறது, பலர் ஒரே நேரத்தில் நுழைந்தால் என்ன நேர்கிறது என்பனவெல்லாம் தொலைநோக்கி இயங்குமுன்பே தெரியவந்தன.

கற்பிக்கப்படும் பிழைகள்

பயிற்சி ஏடுகளில் திரும்பத் திரும்ப வரும் எச்சரிக்கைகள் சில உள்ளன. எந்த அளக்கைக்கும் இவை பொதுவானவை.

வான் படங்கள் ஓடுகள் போல ஒன்றன் விளிம்பு மற்றொன்றின் மீது படியுமாறு பகுக்கப்படுகின்றன. விளிம்பில் விழும் ஒரு விண்மீன் இரு ஓடுகளிலும் கண்டறியப்பட்டு இரண்டு வரிகளாகப் பதிவாகும். மேலும், நெருங்கியிருக்கும் பொருட்களை மென்பொருள் முதலில் ஒரே திரளாகவும், பின் பிரித்துத் தனித்தனியாகவும் பதிவு செய்கிறது. எனவே ஒவ்வொரு வரிக்கும் 'முதன்மைப் பதிவு' ஆமா, இல்லையா என்னும் குறி தரப்பட்டுள்ளது. வினவலில் இந்நிபந்தனையைச் சேர்க்க மறந்தால், இல்லாத பொருட்களும் எண்ணிக்கையில் சேரும். பிழைச்செய்தி வராது. ஸ்லோன் அளக்கையிலும் இதே பொறி இருந்தது. அங்கும் முதன்மைப் பொருட்களுக்கெனத் தனிப் பார்வை ஒன்று அமைக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் இடைவெளியில் இரு தலைமுறை மாணவர்கள் அதே இடத்தில் தடுக்கி விழுந்துள்ளனர்.

மங்கலான பொருட்களின் ஒளிர்வை அளக்கும்போது பின்னணி இரைச்சலால் சில மதிப்புகள் எதிர்ம எண்ணாக அமையும். வானியலாளர்கள் பழக்கப்பட்ட ஒளிப்பொலிவெண் என்பது மடக்கை அளவு. எதிர்ம எண்ணுக்கு மடக்கை இல்லை. ஆகவே ஒளிர்வைப் பொலிவெண்ணாக மாற்றும் வரியில் அந்தப் பொருட்கள் வெற்று மதிப்பாகி, வரைபடத்திலிருந்து ஓசையின்றி மறைந்துவிடுகின்றன. எஞ்சியவற்றின் சராசரி உண்மையைவிடப் பிரகாசமாக இருக்கும். கையாவின் எதிர்மக் கோணங்களுக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை வெளிப்படை. இதனால்தான் ரூபின் அட்டவணைகளில் நானோஜான்ஸ்கி அலகில் ஒளிர்வு தரப்படுகிறது.

விண்மீனையும் பேரடையையும் பிரித்தறிவது அடுத்தது. படத்தில் புள்ளியாகத் தெரிவதை விண்மீன் எனவும், பரந்து தெரிவதைப் பேரடை எனவும் மென்பொருள் குறிக்கிறது. பிரகாசமான பொருட்களுக்கு இது சரியாக வேலை செய்கிறது. மங்கலான சிறு பேரடைகளோ புள்ளிகளாகவே தெரிகின்றன. அந்த எல்லையில் 'விண்மீன்' பட்டியல் பேரடைகளால் நிரம்பிவிடும். நம் பால்வழியின் விளிம்பில் புதியதொரு விண்மீன் கூட்டத்தைக் கண்டுவிட்டதாக ஒரு மாணவர் மகிழும் இடமும் இதுவாக இருக்கக்கூடும். செயற்கை வானின் உண்மை அட்டவணையைக் கொண்டு, எந்தப் பொலிவெண்ணில் கலப்படம் தொடங்குகிறது, அது எவ்வளவு விரைவாகப் பெருகுகிறது என்று பயிற்சியிலேயே எண்ணிப் பார்க்கலாம்.

வினவலைச் சோதிக்க முதல் சில வரிகளை மட்டும் கேட்பது நல்ல பழக்கம். ஆனால் தரவுத்தளம் தரும் முதல் ஆயிரம் வரிகள் வானெங்கும் இருந்து குலுக்கி எடுத்த ஆயிரம் அல்ல. தரவு வானப் பகுதிவாரியாகப் பல கணினிகளில் பிரித்து வைக்கப்பட்டுள்ளது. முந்தி விடையளித்த கணினியின் வரிகளே முதலில் வரக்கூடும். அதை மாதிரியாகக் கொண்டு வானம் முழுவதற்கும் முடிவு கூறுவது, தெருமுனையில் நின்ற முதல் பத்துப் பேரிடம் கேட்டு ஊரின் கருத்தைச் சொல்வது போன்றது.

இவற்றோடு, பொது வளத்தைப் பயன்படுத்தும் ஒழுங்கும் கற்பிக்கப்படுகிறது. வினவலில் வானின் எப்பகுதி என்று குறிப்பிடாவிட்டால் தரவுத்தளம் எல்லா வரிகளையும் தேட வேண்டியிருக்கும். மற்ற பயனர்கள் காத்திருப்பர். தேவையற்ற நெடுவரிசைகளையெல்லாம் கேட்டுப் பெற்றால் ஏட்டின் நினைவகம் நிரம்பி, அதுவரை செய்த வேலையும் போகும். வேலை முடிந்ததும் கணினியை விடுவித்து வெளியேறுவதும் பயிற்சியின் ஒரு பகுதியே. தம் மேசைக் கணினியில் தனியாக உழைத்துப் பழகியவர்களுக்கு இதுவே பழக நாளாகும் செய்தி.

முதல் உண்மைத் தரவு

ரூபின் வானாய்வகத்தின் முதல் படங்கள் 2025 ஜூன் 23 அன்று பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டன. ஒரு வாரத்துக்குப் பின், ஜூன் 30 அன்று, தரவு முன்னோட்டம் 1 ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. இது முதன்மைக் கருவியின் தரவு அன்று. சோதனைக்கெனப் பொருத்தப்பட்டிருந்த, 14.4 கோடி படப்புள்ளிகள் கொண்ட சிறு கருவியின் தரவாகும். 2024 அக்டோபர் 24 முதல் டிசம்பர் 11 வரை எடுக்கப்பட்ட 1,792 படங்களும், ஏழு வானப்பகுதிகளில் மொத்தம் சுமார் 15 சதுரப் பாகைப் பரப்பில் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 23 இலட்சம் பொருட்களும் இதில் உள்ளன.

பரப்பிலும் எண்ணிக்கையிலும் செயற்கை வானைவிட இது மிகச் சிறியது. ஆனால் பயிற்சி பெற்றவர்களுக்கு இது வேறு வகையில் கடினமானது. உண்மை அட்டவணை இங்கு இல்லை. செயற்கை வானில் இல்லாத குறைகளும் உள்ளன. ஏழு பகுதிகளுள் ஒன்று 47 டுக்கானே என்னும் கோள வடிவ விண்மீன் கொத்தை உள்ளடக்கியது. அதன் மையத்தில் விண்மீன்கள் மிக நெருக்கமாக இருப்பதால் மென்பொருளால் அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க இயலவில்லை. பட்டியல் அங்கு முழுமையற்றது. பட்டியலை மட்டும் கொண்டு வரைபடம் வரைபவருக்குக் கொத்தின் நடுவே விண்மீன்கள் குறைவு போலத் தோன்றும். படத்தைத் திறந்து பார்த்தால், அங்குதான் விண்மீன்கள் மிகுதி என்பது நொடியில் தெரியும். பட்டியலை நம்புமுன் படத்தைப் பார்க்க வேண்டும் என்பது தகடுகளின் காலத்து வானியலாளர்களுக்குச் சொல்லாமலேயே தெரிந்திருந்தது.

பிற பயிற்சிகள்

சிலியின் லா செரீனா நகரில் 2013 ஆம் ஆண்டு முதல் தரவு அறிவியல் பள்ளி ஒன்று நடத்தப்பட்டது. சிலி, அமெரிக்க மாணவர்கள் இதில் ஒன்றாகப் பயின்றனர். ரூபின் அளக்கையை எதிர்நோக்கிப் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கான தரவு அறிவியல் நல்கைத் திட்டம் 2016 இல் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவில் மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்த தரவுச்செறிவு வானியல் நிறுவனம், மீர்காட் வானொலித் தொலைநோக்கியின் தரவுகளுக்காக இலிஃபு என்னும் கணிமேடையை இயக்குகிறது. ஹோசா மொழியில் இலிஃபு என்றால் மேகம் என்று பொருள். மேகக் கணிமைக்கு ஏற்ற பெயர். இந்தியாவில் புனேயிலுள்ள வானியல் மற்றும் வான்இயற்பியலுக்கான பல்கலைக்கழகங்களுக்கிடையேயான மையம், மெய்நிகர் வானாய்வகப் பணிகளில் பங்கேற்று விஓபிளாட் என்னும் வரைபட மென்பொருளைப் பெர்சிஸ்டன்ட் சிஸ்டம்ஸ் நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கியது.

அணுக்க உரிமை

உலாவி மட்டும் இருந்தால் போதும், சிறு கல்லூரியில் இருப்பவரும் பெரும் பல்கலைக்கழகத்தில் இருப்பவரும் ஒரே கணினியைப் பயன்படுத்தலாம் என்பது கணிமேடைகளுக்காகச் சொல்லப்படும் வலுவான வாதம். முன்பு தரவை வைத்துக்கொள்ளவே வட்டுகளும் வழங்கிகளும் வாங்க வசதியுள்ள நிறுவனங்களே பெரும் அளக்கைகளில் ஈடுபட முடிந்தது.

இவ்வாதம் முழுவதும் உண்மையன்று. ரூபின் வானாய்வகத்தின் தரவுகளை முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பயன்படுத்தும் உரிமை, அமெரிக்கா, சிலி ஆகிய நாடுகளின் ஆய்வாளர்களுக்கும், உழைப்பாகவோ கருவியாகவோ பங்களித்து உரிமை பெற்ற பிற நாட்டுக் குழுக்களுக்கும் மட்டுமே உண்டு. மேடையில் கணக்குப் பெற இவ்வுரிமை தேவை. உரிமை இல்லாதவர் பயிற்சி ஏடுகளின் உரையைப் படிக்கலாம், இயக்கிப் பார்க்க இயலாது. வானில் மாறும் பொருட்களைப் பற்றிய உடனடி அறிவிப்புகளுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. ஓர் இரவில் ஒரு கோடி வரை எழக்கூடும் எனக் கணிக்கப்பட்ட இவ்வறிவிப்புகளைப் பெற்று வகைப்படுத்தித் தரும் பணிக்கு சிலியின் அலெர்சே, பிரான்சின் ஃபிங்க், பிரித்தானியாவின் லசேர் உள்ளிட்ட ஏழு அமைப்புகள் தேர்ந்தெடுக்கப்பட்டன.

ஸ்லோன் அளக்கையின் ஸ்கைசர்வருக்கும் கையா காப்பகத்துக்கும் நாடு, நிறுவனம் என்னும் வரையறைகள் இல்லை. இரண்டிலும் கணக்குத் தொடங்காமலேயே வினவலாம். கணக்குத் தொடங்கினால் விடைகளை வழங்கியிலேயே சேமித்துவைக்கலாம். கையாவில் கற்கும் ஏ.டி.கியூ.எல். மொழியே ரூபின் மேடையிலும் பயன்படுகிறது.